தோப்புக்குள் வீடு, கோடையில் தீ: வாசகர் கேள்வி பதில்

கடலூரை ஒட்டிய கேப்பர் மலை முந்திரித் தோப்பிலிருந்து ஆரோவில் காடு வரை, மரங்களுக்கு நடுவே குடியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். சருகும் காய்ந்த புல்லும் எரிந்துகொண்டே வந்து வீட்டில் தொற்றுவதுதான் நம் பக்கத்துக் காட்டுத்தீ. அதை மனதில் வைத்தே பதில்கள்.

*எங்களுடையது கேப்பர் மலையில் மாடி வீடு. மேற்கே நாற்பது அடி தள்ளி முந்திரித் தோப்பு. 'கான்கிரீட் வீடு, தீ வந்தாலும் சுவர் எரியாது' என்கிறார் என் கணவர். சரிதானா?*
வாசகி, கடலூர்

சுவர் எரியாது என்பது சரி. ஆனால் தீ சுவர் வழியாக உள்ளே வருவதில்லை. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் குழுவினர் 1990-களின் இறுதியில் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். மரங்கள் உச்சி வரை கொழுந்துவிட்டு எரிந்தபோதும், 20 மீட்டர் தள்ளி நிறுத்தியிருந்த மரப்பலகைச் சுவர் பற்றவில்லை. அப்படியானால் வீடுகள் எப்படி எரிகின்றன? காற்றில் பறந்து வரும் கங்குகளால். சருகுத் துணுக்கும் பனையோலைத் துண்டும் எரிந்தபடியே பல நூறு அடி பறந்து வந்து, பற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பெரிய தீ கடந்து போய் அரை மணி கழித்து, ஆள் இல்லாத நேரத்தில் வீடு பற்றுவது இப்படித்தான்.

கங்கு எங்கே உட்காரும் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. காற்று அடித்த மறுநாள் காலையில் வீட்டைச் சுற்றி வந்து, சருகு எங்கெல்லாம் ஒதுங்கியிருக்கிறது என்று பாருங்கள். சன்ஷேடு மூலை, மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடி, மழைநீர்க் குழாயின் வாய், ஏசி வெளிப்பெட்டியின் பின்புறம், சோலார் தகட்டின் கீழ். சருகு ஒதுங்கும் இடத்தில்தான் கங்கும் ஒதுங்கும்.

வாசல் கதவடியை மட்டும் உட்கார்ந்து பாருங்கள். தேங்காய் நார் மிதியடி, அதை ஒட்டி மரக்கதவு, கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி, பக்கத்தில் சாய்த்து வைத்த தென்னந்துடைப்பம். ஒரு கங்கு நாரில் விழுந்தால் முதலில் கொழுந்து தெரியாது, புகைந்துகொண்டே கிடக்கும். காற்று ஊதினால் நார் பற்றும், பிறகு துடைப்பம், பிறகு கதவு. மாசி முதல் ஆடி வரை நார் மிதியடி வேண்டாம். கதவடியில் அலுமினியப் பட்டை அடித்துவிடுங்கள்.

வெண்டிலேட்டரில் நைலான் கொசுவலை இருந்தால் கங்கு பட்டதும் உருகி ஓட்டை விழும். எவர்சில்வர் கம்பி வலையாக மாற்றுங்கள், கண் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். சுவரிலிருந்து ஐந்து அடி வரை சுற்றிலும் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது: விறகு, பழைய பாய், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, காய்ந்த கொடி எதுவுமே. சிமெண்ட் தளமோ ஜல்லியோ வெறும் செம்மண்ணோ இருக்கட்டும். இந்த ஐந்து அடிதான் முதல் வேலை. தோப்பைப் பார்த்துப் பயப்படுவது அதற்குப் பிறகு.

வீடு சரிவின் மேல் முனையில் இருந்தால் இன்னொன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சரிவு பத்து டிகிரி கூடக்கூட, மேலே ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சரிவுப் பக்கத்தில் மட்டும் கீழே சொல்லப்போகும் அளவுகளை ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளலாம்.

*முந்திரிக் கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. கவாத்து செய்தால் காய்ப்பு குறையுமே?*
வாசகர், பண்ருட்டி

குறையும். முந்திரி, வெளிக்கிளை நுனியில் காய்க்கும் மரம். அதனால் தோப்பு முழுக்க வெட்டச் சொல்லவில்லை. வீட்டுக்கு அடுத்த முதல் இரண்டு வரிசையில் மட்டும், தரையிலிருந்து ஆறேழு அடி வரை உள்ள கிளைகளை எடுத்துவிடுங்கள். குட்டை மரமென்றால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். சருகில் ஓடும் தீ முழங்கால் உயரம்தான் எழும். கிளை தாழ்ந்திருந்தால் அதுவே ஏணி. அடியில் புதர் வளர்ந்திருந்தால் ஆறேழு அடியும் போதாது. புதரின் உயரத்தைப்போல மூன்று மடங்கு இடைவெளி வேண்டும், இல்லையென்றால் புதரை எடுத்துவிட வேண்டும்.

கவாத்துக்கு ஏற்ற நேரம் அறுவடை முடிந்த பிறகு, ஆனி ஆடியில். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்தது) தடவுங்கள். இந்தக் கோடைக்கு அவசரமென்றால் காய்ந்த கிளைகளை மட்டும் இப்போது எடுங்கள். கொட்டை பொறுக்குவதற்காக எப்படியும் மரத்தடியைக் கூட்டுவீர்கள், அந்தக் கூட்டல்தான் உங்கள் தோப்புக்கு இருக்கும் மிகப் பெரிய தீப்பாதுகாப்பு. கூட்டியதை மரத்தடியிலேயே கொளுத்துகிறார்களே, அங்கேதான் கெடுகிறது.

முந்திரித் தோட்டை அடுப்புக்கென்று சாக்கில் கட்டிச் சுவரோரம் அடுக்கும் வழக்கம் உங்கள் ஊரில் உண்டு. தோட்டில் எண்ணெய் ஊறியிருக்கிறது. பற்றினால் கரும்புகையோடு கடுஞ்சூட்டில் எரியும், ஒரு வாளித் தண்ணீருக்கு மசியாது. வீட்டிலிருந்து நூறு அடியாவது தள்ளி, தகரக் கொட்டகையில் வையுங்கள்.

*மூடாக்கு போடு, மண்ணை மூடி வை என்று இயற்கை விவசாயத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது சருகை வாரு என்கிறீர்கள். எதைக் கேட்பது? பேசாமல் மரங்களையே வெட்டிவிடலாமா என்றும் வீட்டில் பேச்சு.*
வாசகர், ஆரோவில் அருகே

மரத்தை வெட்டாதீர்கள். நிழல் போனால் அடுத்த மழையிலேயே அந்த இடத்தில் புல் முளைக்கும், மாசியில் காயும். காய்ந்த புல் அளவுக்கு வேகமாகத் தீயைக் கொண்டு ஓடும் பொருள் நம் பக்கத்தில் வேறில்லை. ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அது மரமில்லாத செம்மண் மேடு. அங்கே மீட்டெடுத்து வளர்க்கப்படும் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களான வீரை, காசான், நாவல் முதலியவை கோடையிலும் இலை உதிர்த்து மொட்டையாக நிற்பதில்லை. அடியில் நிழலும் ஈரமும் தங்கும். அப்படிப்பட்ட அடர்ந்த தோப்புக்குள் தீ தயங்கித்தான் நுழையும். கவனிக்க வேண்டியது தோப்பின் ஓரத்தையும், நடுநடுவே நிற்கும் தைல மரம், வேலிக்கருவை, காய்ந்த உண்ணிச்செடிப் புதர் ஆகியவற்றையும்தான். புதிதாக நடுவதானால் வீட்டுப் பக்கம் புங்கன், பூவரசு, நாவல் நடுங்கள். தைல மரம் வேண்டாம்.

மூடாக்கைப் பொறுத்தவரை இடத்துக்கு இடம் வேறு பதில். சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் கூடவே கூடாது. ஐந்திலிருந்து முப்பது அடி வரை இரண்டு அங்குல கனத்துக்குள், பாதி மக்கியதாக, சொட்டுநீரில் நனைந்தபடி இருக்கலாம். நடுவே ஆங்காங்கே மூன்று அடி வெறும் மண் விட்டுத் திட்டுத் திட்டாகப் போடுங்கள், தொடர்ச்சியாக வேண்டாம். முப்பது அடிக்கு அப்பால் உங்கள் இயற்கை விவசாய ஆசிரியர் சொன்னதையே கேளுங்கள்.

ஒரே ஒரு பொருளைத் தனியாகச் சொல்ல வேண்டும்: தென்னை நார்க்கழிவு. ஈரமாக இருக்கும்வரை அருமையான மூடாக்கு. காய்ந்த பின் கங்கு விழுந்தால் கொழுந்தே இல்லாமல் உள்ளுக்குள் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே தண்ணீர் தெளித்தால் வழிந்து ஓடிவிடும், உள்ளே இறங்காது. வீட்டை ஒட்டிய பாத்திகளில் அதைப் பயன்படுத்த வேண்டாம். மக்குக்குழியும் வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளியே இருக்கட்டும்.

*பக்கத்து நிலத்தில் ஐந்து ஏக்கர் சவுக்கு. உரிமையாளர் சென்னையில். தரையில் அரை அடிக்குச் சருகு. நான் என் எல்லைக்குள் என்ன செய்ய முடியும்?*
வாசகர், தேவனாம்பட்டினம் பகுதி

சவுக்குச் சருகு சீக்கிரம் மக்காது, மெத்தைபோல் சேர்ந்துகொண்டே போகும். முதலில் உரிமையாளரிடம் பேசுங்கள். 'சருகை அடுப்புக்கு வாரிக்கொள்ள ஊராருக்கு அனுமதி கொடுங்கள்' என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார், அவருக்குச் செலவில்லை. அடுத்தது, உங்கள் எல்லையோரமாகப் பத்து முதல் பன்னிரண்டு அடி அகலத்துக்கு மண் தெரியும்படி ஒரு தீத்தடுப்புக் கோடு. மணல் மண் என்பதால் இரும்பு வாரியே போதும். நீளம் அதிகமென்றால் ரொட்டவேட்டர் இரண்டு முறை ஓட்டலாம். மேலே சருகு தெரிந்தால் அது கோடு ஆகாது.

வாரிய சருகை அந்தக் கோட்டின் ஓரத்திலேயே வரப்புபோல் குவித்து வைப்பது எல்லோரும் செய்யும் தப்பு. தீ வரும்போது அந்த வரப்பு முழுக்க ஒரே நேரத்தில் எரிந்து, கங்கை உங்கள் பக்கம் வீசும். சருகை அப்புறப்படுத்த வேண்டும். இன்னொன்று, கோடு போட்டதோடு முடிந்துவிடாது. சவுக்கு தினமும் உதிர்க்கும், வாரம் ஒருமுறை வார வேண்டும். தரையில் ஓடும் தீயைத்தான் கோடு தடுக்கும், பறந்து வரும் கங்கைத் தடுக்காது. அதற்கு முதல் பதிலில் சொன்ன ஐந்து அடிதான்.

காற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கோடையில் நம் கரையோரம் காலையில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று, மதியத்துக்கு மேல் கடல் காற்று. மேற்கே பற்றிய தீ முற்பகலில் கிழக்கே நீளமாக ஓடும், வடக்கே இருப்பவர் 'நமக்கில்லை' என்று நிம்மதியாக இருப்பார். தென்கிழக்கிலிருந்து கடல் காற்று எழுந்ததும், அதுவரை பக்கவாட்டாக இருந்த அந்த நீளமான ஓரம் முழுவதும் தீயின் முகமாகி வடமேற்கே திரும்பும். மேல்காற்று பலமாக இருந்து கடல் காற்று தாமதிக்கும் நாள்கள்தான் நமக்கு மிக வெப்பமான நாள்கள். வைகாசி, ஆனியில் அப்படிப்பட்ட நாளில் தோப்போரம் அடுப்பு மூட்டுவது, வெல்டிங் வைப்பது எதுவும் வேண்டாம்.

*மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறோம். டிஏபி உரத்தைக் கரைத்துத் தெளித்தால் தீப்பிடிக்காது என்கிறார்களே?*
வாசகி, பாகூர்

கேள்வியில் அறிவியல் இருக்கிறது. காட்டுத்தீ மீது விமானத்திலிருந்து கொட்டுகிறார்களே சிவப்புக் குழம்பு, அதன் முக்கியச் சரக்கு அம்மோனியம் பாஸ்பேட் உப்புதான். டிஏபி, அதாவது டை அம்மோனியம் பாஸ்பேட், அந்தக் குடும்பம். அது ஓலையைக் கொழுந்துவிட்டு எரிய விடாமல் கரியாக்கிவிடும். ஆனால் தண்ணீரில் கரையும் உப்பு என்பதால் ஒரு கோடை மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். ஆணியும் கட்டுக்கம்பியும் துருப்பிடிக்கும். கீற்றின் அடுக்குகளுக்குள் தெளிப்பு இறங்குவதும் இல்லை, கங்கு நுழைவதோ அந்த அடுக்குக்குள்தான். களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசினால் சிறு கங்குகளைக் கொஞ்ச நேரம் தாங்கும். ஆண்டுதோறும் பூச வேண்டும், பாரமும் கூடும்.

எங்கள் கருத்து: தோப்புக்குள் இருக்கும் வீட்டின் மாடியில் கீற்று வேண்டாம். வெக்கைக்காகத்தான் கொட்டகை என்றால் தகரத்தின் மேல் வெள்ளைப் பூச்சு அடியுங்கள், அல்லது ஓடு போடுங்கள். ஓட்டு வீட்டிலும் இறவாணத்தில் ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சந்துகளை மூட மறக்காதீர்கள். எலியும் குருவியும் அங்கேதான் வைக்கோலைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. சவுக்குக் கம்பும் கீற்றுமாகவே முழு வீடு கட்டியிருப்பவர்களுக்கு ஒரே வழிதான்: சுற்றிலும் முப்பது அடி சுத்தம், தீ என்றதும் முதல் ஆளாகக் கிளம்புவது.

*ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி மாடியில் இருக்கிறது. அது போதுமா? போர்வெல்லும் உண்டு.*
வாசகர், நெல்லிக்குப்பம்

போர்வெல்லை மறந்துவிடுங்கள். தீ வந்தால் முதலில் போவது கரண்ட். கம்பி எரிந்து போகும், அல்லது பாதுகாப்புக்காக மின்வாரியத்தாரே நிறுத்துவார்கள். தொட்டியில் இருப்பதுதான் உங்கள் தண்ணீர். முக்கால் அங்குல ஹோஸ் நிமிடத்துக்கு 25 லிட்டர் விடும் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் லிட்டர் நாற்பது நிமிடம் வரும். அழுத்தம்தான் குறை. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் (அழுத்தத்தின் அளவு) கிடைக்கும், மாடித் தொட்டியின் மூன்று நான்கு மீட்டருக்கு அரை பார்கூட இல்லை. கீழே நின்று கூரைக்கு அடிக்க முடியாது. சின்ன பெட்ரோல் பம்போ, ஆயில் இன்ஜினோ இருந்தால்தான் தண்ணீர் வீசும். தொட்டியும் கீழே வரும் குழாயும் பிளாஸ்டிக் என்பதால், வெயிலும் தீயும் படும் பக்கத்தில் அவற்றுக்குச் செங்கல் மறைப்பு கட்டுங்கள்.

முன்கூட்டியே கூரையையும் சுவரையும் நனைத்து வைக்கலாம் என்று தொட்டியைக் காலி செய்வார்கள். நாற்பது டிகிரி வெயிலில் அது அரை மணியில் காய்ந்துவிடும். தண்ணீரைக் கங்கு விழுந்த இடத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஹோஸைவிடப் பூச்சிமருந்து அடிக்கும் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான் எவ்வளவோ மேல். மருந்து வாடை இல்லாமல் கழுவி, தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். சோப்பு சேர்ந்தால் தண்ணீர் சருகின் மேல் உருண்டு ஓடாமல் உள்ளே இறங்கும். கூடவே மாடிக்கு ஒரு ஏணி, இரண்டு வாளி, ஈரச்சாக்கு, மண்வெட்டி, இரும்பு வாரி. இவை கோடை முழுவதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மண்வெட்டி வயலுக்குப் போய்விட்டதென்றால் எல்லாம் வீண்.

*பனை மரங்களும் பனைமட்டைப் படலும் சுற்றிலும் உள்ளன. ஆபத்தா?*
வாசகர், குறிஞ்சிப்பாடி

பச்சைப் பனை ஆபத்தில்லை. தொங்கும் காவோலைதான் (காய்ந்த ஓலை) தீயை உச்சிக்கு ஏற்றும், உச்சியில் பற்றினால் எரியும் ஓலை வெகுதூரம் பறக்கும். வீட்டிலிருந்து நூறு அடிக்குள் நிற்கும் பனைகளுக்கு மாசிக்குள் காவோலை கழியுங்கள். தென்னைக்குப் பன்னாடையும் காய்ந்த மட்டையும் அப்படியே. மின்கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தில் நீங்களே தொரட்டி போடாதீர்கள், மின்வாரிய ஊழியரைக் கூப்பிடுங்கள்.

படல் தீக்குத் திரி. ஒரு முனையில் பற்றினால் வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். முழுவதும் மாற்ற வசதியில்லையென்றால், வீட்டைத் தொடும் கடைசி ஐந்து அடியை மட்டும் பிரித்துவிட்டு அங்கே இரும்புத் தட்டியோ கல்தூணோ வையுங்கள். உயிர்வேலி வைப்பதானால் நொச்சி, ஆடாதொடை. கிளுவை கோடையில் இலை கொட்டிவிடும், அடியில் சேரும் சருகை வாரினால் அதுவும் பரவாயில்லை. வைக்கோல் போர் வீட்டிலிருந்து அறுபது அடி தள்ளி.

*வாரிய சருகைக் கொளுத்தாமல் என்ன செய்வது? காலையில் பனி நேரத்தில் கொளுத்தினால் தப்பா?*
வாசகர், விருத்தாசலம்

தப்புதான். காலையில் அடங்கியதாகத் தெரியும் குவியல், பதினொரு மணிக் காற்றில் மறுபடி கண் திறக்கும். கரும்புத் தோகை கொளுத்தும் நாளிலும் இதே கதை. மூன்று அடி ஆழக் குழி வெட்டி மக்க விடுங்கள், அல்லது தோகையைத் தூளாக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். தீபாவளி வெடியைப் பற்றிப் பயப்படுகிறோம், அது பெரும்பாலும் மழை ஈரத்தில் போய்விடும். பங்குனி சித்திரையில் திருவிழாவுக்கும் சாவு ஊர்வலத்துக்கும் போடும் வெடிதான் தோப்பைக் கொளுத்தும். ஊர்ப் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

*தீ நெருங்கினால் வீட்டில் நின்று அணைப்பதா, கிளம்புவதா?*
வாசகி, காலாப்பட்டு

முதியவர், குழந்தை, மூச்சுக்கோளாறு உள்ளவர் இருந்தால் புகை தெரிந்ததுமே கிளம்புங்கள். தாமதமாகக் கிளம்புவதுதான் இரண்டையும்விட மோசம். புகை மூடிய மண்பாதையில் வண்டி ஓட்டுவதைவிட, சுத்தம் செய்து வைத்த கான்கிரீட் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது மேல். கிளம்புமுன் கேஸ் வால்வை மூடுங்கள், ஜன்னல்களையும் வெண்டிலேட்டர்களையும் சாத்துங்கள், திரைச்சீலைகளைக் கழற்றி அறை நடுவில் போடுங்கள். மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். பருத்தி உடை, முழுக்கை, தோல் செருப்பு அல்லது ஷூ. பாலியெஸ்டர் நைட்டியும் சேலையும் கங்கு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிவிடும். சரிவின் மேல்நோக்கி ஓடாதீர்கள். ஏற்கெனவே எரிந்து கருகிக் கிடக்கும் நிலம் பக்கத்தில் இருந்தால் அதுதான் பாதுகாப்பான இடம்.

*எங்கள் தெரு குறுகல். தீயணைப்பு வண்டி வருமா?*
வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பன்னிரண்டு அடி அகலமும் பதினைந்து அடி உயரமும் தடையில்லாமல் இருந்தால் வரும். அகலத்தைப் பார்ப்பவர்கள் மேலே தாழ்ந்திருக்கும் கிளையையும் கேபிள் கம்பியையும் பார்ப்பதில்லை. முட்டுச்சந்து என்றால் வண்டி திரும்ப இடம் வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுநர் உள்ளே விடத் தயங்குவார், அது நியாயமும்கூட. கிணறோ குளமோ இருந்தால் அதன் கரை வரை வண்டி போகும்படி வழி விடுங்கள். 101 அல்லது 112-ஐ அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு அருகிலுள்ள கோயில், பள்ளி ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். கடலூர் மாவட்டமும் புதுச்சேரியும் பின்னிக் கிடக்கும் எல்லையோரக் கிராமங்களில் இரண்டு பக்கத்து நிலையங்களின் நேரடி எண்களையும் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

*காப்பீடு இதற்கு உண்டா?*
வாசகர், புதுச்சேரி

உண்டு. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுப் பாலிசியில் புதர்த் தீ, காட்டுத்தீ இரண்டும் சேர்ந்தே வருகின்றன. உங்கள் வீட்டில் கீற்றுப் பகுதி இருந்தால் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள், மறைத்தால் இழப்பீட்டின்போது வம்பு.

*தீ அணைந்துவிட்டது, எத்தனை நேரம் காவல் இருக்க வேண்டும்?*
வாசகர், பண்ருட்டி

முதல் நான்கு மணி நேரம் விடாமல். பிறகு இரண்டு நாள், காற்று எழும் முற்பகலிலும் இருட்டிய பிறகும் ஒருமுறை சுற்றி வர வேண்டும். பகலில் தெரியாத கனல் இரவில் சிவப்பாகத் தெரியும். முந்திரி அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள்ளேயே எரிந்துகொண்டு போய், பத்தடி தள்ளி மேலே வரும். சந்தேகமான இடத்துக்கு மேலாகப் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். சூடு அடித்தால் மண்வெட்டியால் கிளறி, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளறி ஊற்றுங்கள். மண்ணை மட்டும் தள்ளி மூடினால் உள்ளே அணையாது.

முதல் சுற்று மாடியில் ஆரம்பிக்கட்டும்: தொட்டியடி, சன்ஷேடு, மழைநீர்க் குழாயின் வாய். தோப்பை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.